எல்லாரும் கார் வாங்கும் ஆட்டம்

ஏழாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்ற சேதி, ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் கால்கடுக்க நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த தாளில் பாதியை மழை தின்றுவிட்டது. மிச்சப் பாதியில், போதிய பயணிகள் இல்லாத காரணத்தால் என்கிற ஒரு வரி மட்டும் வாசிக்கிற மாதிரி இருந்தது.

கூட நின்றிருந்தவள் மடிப்பக்கா. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற மேசையில் பதினெட்டு வருஷமாக நிற்பவள். சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அவளுக்கு வேறு பெயர் உண்டு. தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "பயணிகள் இல்லையாம். அப்ப இத்தன நாளா நாம ரெண்டு பேரும் யாரு?" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரி முன்பு கடைவீதிக்குப் பின்னால்தான் இருந்தது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று ஊருக்கு வெளியே, ஆறு வரிசைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார்கள். அது ஆயிற்று பதினோரு வருஷம். நடந்தால் ஒரு மணி பத்து நிமிஷம். நடைபாதை பெட்ரோல் பங்க்கோடு முடிந்துவிடும். அப்புறம் சரளைக்கல் ஓரம்தான். லாரி கடந்து போனால் அது கிளப்புகிற காற்றில் ஆள் ஒரு அடி தள்ளாடி நிற்க வேண்டும். சாலையை ஒரே மூச்சில் தாண்ட முடியாது. மூன்று வரிசையைத் தாண்டி, நடுவில் இருக்கிற முழங்கால் உயரத் திட்டில் ஒட்டி நின்று, அடுத்த மூன்று வரிசை கொஞ்சம் ஓய்கிறவரை காத்திருக்க வேண்டும். அங்கே நிற்கும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. பேசினாலும் காதில் விழாது.

வேலை ஏழு மணிக்கு. ஏழு ஐந்துக்குப் போனால் பதிவேட்டில் பெயருக்கு எதிரே சிவப்பு மை. மூன்று சிவப்பு சேர்ந்தால் அரை நாள் விடுப்பில் கழியும். சூப்பர்வைசர் அம்மா கெட்டவள் இல்லை. "எனக்குத் தெரியுதும்மா, மேல இருக்கிறவங்களுக்குத் தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பேனாவைத் திறப்பாள்.

மூட்டை மூட்டையாக வரும் அழுக்குத் துணியைப் பிரிப்பது அவள் வேலை. கையுறை போட்டு, ரத்தம் பட்டதைத் தனியாக, மருந்துக் கறை பிடித்ததைத் தனியாக, குழந்தைகள் வார்டுத் துணியைத் தனியாக எடுத்துப் போட வேண்டும். மடிப்புக்குள் ஊசியோ கத்தரியோ சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்க வேண்டும். இயந்திரம் பிழிந்து தள்ளிய ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சூடான உருளைக்குக் கொண்டுபோகும்போது முகத்தில் ஆவி அடிக்கும். நாலு மணிக்கு வெளியே வந்தால் மறுபடியும் ஒரு மணி பத்து நிமிஷம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளங்கால் யாருடையதோ மாதிரி இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி கேள்வி கேட்பாள்.

அண்ணி அவள் கணவனுடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் இழுத்துக்கொண்டது. குழந்தைகளுக்கான ஆட்டப் பெட்டிகள் தயாரிக்கிற கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆட்டம் யோசித்து, கட்டம் போட்டு, சீட்டுகளுக்குப் படம் வரைந்து கொடுப்பாள். வாரம் ஒருமுறை ஏழாம் நம்பரில் ஏறிப் போய்ப் படங்களைக் கொடுத்துவிட்டு, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவாள். பஸ் நின்ற பிறகு தெருமுனை தாண்டவில்லை. கம்பெனியிலிருந்து ஆள் வந்து படங்களை வாங்கிப் போனான். போகும்போது, கார்களை வைத்து ஒரு பந்தய ஆட்டம் வேண்டும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது என்று சொல்லிப் போனான்.

அன்றிலிருந்து அண்ணி கையில் ஒரு நோட்டு. எங்கே நின்றாய், எவ்வளவு நேரம் நின்றாய், நடுத்திட்டில் எத்தனை கார் போகும்வரை காத்திருந்தாய், அதில் எத்தனை காரில் ஒரே ஒரு ஆள் இருந்தார். முதல் இரண்டு நாள் அவள் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் எரிச்சல் தாங்கவில்லை.

"அண்ணி, நான் செத்துப்போய் வந்திருக்கேன். தண்ணி குடிச்சிக்கிறேனே" என்றாள்.

அண்ணி நோட்டை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள். அப்புறம் மறுபடி நோட்டைத் திறந்தாள். அதைப் பார்த்ததும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தி மூன்று கார், முப்பத்தொன்பதில் ஒற்றை ஆள் என்று சொன்னாள். நாளாக ஆக, நடுத்திட்டில் நிற்கும்போது அவள் கண் தானாகவே எண்ண ஆரம்பித்தது. மடிப்பக்காவும் சேர்ந்துகொண்டாள். எண்ணிக்கொண்டு நின்றால் பயம் கொஞ்சம் குறைகிறது என்று சொன்னாள்.

ஆட்டம் ஒரு மாதத்தில் உருவாகிவிட்டது. சாப்பாட்டு மேசை அளவு அட்டையில் ஒரு ஊர்: வீடு, கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மரம், விளையாட்டு மைதானம். ஆளுக்கு ஒரு சட்டைப் பொத்தான்தான் காய். சீட்டு எடுத்தால் வேலை வரும். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிவர வேண்டும், ஏழு மணிக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். வேலையை முடித்து வீடு திரும்புகிறவர் ஜெயித்தவர். நடப்பவருக்கு ஒரு பகடை. பஸ்ஸுக்கு எப்போதும் ஐந்து கட்டம், ஆனால் இரண்டு பேராவது ஏறினால்தான் நகரும். கார் வாங்கினால் இரண்டு பகடை. ஒரு காருக்கு, போகிற இடத்தில் நிறுத்த ஒரு கறுப்பு அட்டை வைக்க வேண்டும். கறுப்பு அட்டை விழுந்த கட்டத்தில் இருந்த கடையோ மரமோ ஊரின் ஓரத்துக்கு ஒரு கட்டம் தள்ளிப் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள், கணவன், அண்ணி, மடிப்பக்கா நாலு பேரும் உட்கார்ந்து ஆடினார்கள். இரண்டாவது சுற்றிலேயே அவள் கார் வாங்கினாள். நடந்து நடந்து அலுத்தவள், கட்டத்திலாவது உட்கார்ந்து போகலாம் என்று நினைத்தாள். மூன்றாவது சுற்றில் மற்றவர்களும் வாங்கினார்கள். முதலில் எல்லாருக்கும் குஷி. அப்புறம் கடை தள்ளிப் போயிற்று, பள்ளிக்கூடம் தள்ளிப் போயிற்று. ஆஸ்பத்திரி அட்டையின் விளிம்பில் போய் நின்றது. நடுவில் கறுப்பாக ஒரு பெரிய திட்டு. கடைசியில் நாலு கார்களும் ஒரே பாதையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாட்டிக்கொள்ள, மாத்திரை வாங்கப் போன மடிப்பக்கா ஏழு சுற்று அசையாமல் இருந்தாள்.

"இதுக்குள்ள காய்ச்சல் தானா சரியாயிருக்கும், இல்லன்னா ஆளே போயிருக்கும்" என்றாள் மடிப்பக்கா.

யார் தப்பு செய்தது என்று கணவன் கேட்டான். யாருமே தப்பு செய்யவில்லை என்றாள் அண்ணி. அந்த நேரத்துக்கு எது புத்திசாலித்தனமோ அதைத்தான் ஒவ்வொருவரும் செய்தார்கள். தப்பு செய்கிற ஆளே இந்த ஆட்டத்தில் கிடையாது என்றாள்.

அவனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் பட்டறையில் பெயின்டர். மோதி நசுங்கி வருகிற கார்களுக்குத் தகட்டைத் தட்டி நிமிர்த்தியதும், பட்டி பூசி, ஈரம் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, பழைய நிறத்துக்குத் துளி மாறாமல் கலவை பிடித்து அடிப்பான். அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று காரின் சொந்தக்காரனுக்கே தெரியாது. கறுப்பு அட்டைகளுக்கு அண்ணி பூசியிருந்ததும் அவன் டப்பாவில் மிஞ்சிய பெயின்ட்தான்.

"அக்கா, நம்ம மூணு பேரு சாப்பாடும் அந்த வண்டிங்கள்லேருந்துதான் வருது. அதத் திட்டி என் வீட்லயே ஒரு ஆட்டமா?"

"வண்டிய யாருடா திட்டினா? வண்டி இல்லாதவன் ஒரு மாத்திரை வாங்க முடியாம ஊரக் கட்டியிருக்காங்களே, அதச் சொல்றேன். உன் பெயின்ட் நல்லாத்தான் இருக்கு."

அவன் எழுந்து போய்விட்டான். கம்பெனிக்காரன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, யாரும் ஜெயிக்காத ஆட்டத்தை எந்தப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பார்கள் என்று திருப்பிக் கொடுத்தான். அவன் கேட்ட பந்தய ஆட்டத்தையும் அண்ணி மூன்றே நாளில் வரைந்து கொடுத்தாள். அதில் எல்லாருமே சீக்கிரம் ஜெயித்தார்கள்.

மழைக்காலம் பிறந்தது. ஒரு காலையில் சரளை ஓரம் முழுக்கத் தண்ணீர் நிற்க, அவளும் மடிப்பக்காவும் தார்மேலேயே ஏறி நடந்தார்கள். பின்னாலிருந்து வந்த வேன் ஒன்றின் பக்கக் கண்ணாடி அவள் வலது முழங்கையில் அடித்துவிட்டுப் போயிற்று. வேன் நிற்கவில்லை. இடித்தது தெரிந்ததோ இல்லையோ. முதலில் வலியே இல்லை, கை மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மடிப்பக்கா தன் துண்டால் தூளி கட்டி, மிச்ச தூரம் அவளை ஆஸ்பத்திரிக்கே நடத்திக் கூட்டிப் போனாள். எப்படியும் அங்கேதானே போய்க்கொண்டிருந்தோம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று பட்டறையிலிருந்து வந்த கணவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். முகத்தைக் கழுவப் போனவன் வெகுநேரம் குழாயை மூடாமல் நின்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்பக்கம் நசுங்கிய ஒரு சின்னக் காரை, முதலாளியிடம் கேட்டு வாங்கி, வீட்டு வாசலுக்குக் கட்டி இழுத்து வந்தான். அண்ணி ஜன்னலிலிருந்து பார்த்தாள். சாப்பிடும்போது அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அண்ணி, உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

"எனக்கு என்ன வருத்தம்? உன் இடத்துல இருந்தா நான் மழைக்கு முன்னாடியே வாங்கியிருப்பேன்."

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் அந்தக் காரோடு இருந்தான். மூக்கைக் கழற்றினான், தட்டினான், தேய்த்தான். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வெள்ளை பார்த்துச் சலித்தவள், வெள்ளை மட்டும் வேண்டாம் என்றாள். மூன்று நிறங்களைக் கலந்து, முற்றிய எலுமிச்சை இலையின் பச்சையைக் கொண்டுவந்தான். கட்டுப் பிரித்த பிறகு காலி மைதானத்தில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஒரு தடவைகூட அதட்டவில்லை. உரிமமும் கிடைத்தது.

அவள் காரில் வேலைக்குப் போனாள். மடிப்பக்காவையும் ஏற்றிக்கொள்வாள். மழை மேலே படவில்லை, காற்று தள்ளவில்லை, சிவப்பு மை இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கெல்லாம், வண்டிகள் மட்டும் போகிற மேம்பாலத்தில் வரிசை தேங்கி நிற்கும். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து, எலும்பு ஒட்டிய முழங்கை விண்விண் என்று தெறிக்கும். முன்னால் போகிறவன் எப்போது பிரேக் அடிப்பான் என்று பல்லைக் கடித்தபடி பார்த்து, இறங்கும்போது தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். ஊழியர்கள் காரை நிறுத்தும் இடம் ஆஸ்பத்திரி மைதானத்தின் கடைக்கோடியில். அங்கிருந்து சலவைப் பிரிவுக்குப் பத்து நிமிஷ நடை. இதையெல்லாம் அவள் வீட்டில் சொல்லவில்லை. அவன் கையால் அடித்த பச்சையை அவன் தினமும் காலையில் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் பட்டறைக்கு நடந்து போனான்.

அந்தச் சமயத்தில், சாலையை எட்டு வரிசையாக்கப் போவதைப் பற்றி மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று ஊராட்சி மண்டபத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. நூலகக்காரர் அண்ணியின் ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, வாசல் பக்கம் ஒரு மேசை வாங்கிக் கொடுத்தார். மண்டபத்துக்குப் போக வேறு வழி ஏது? அவள்தான் காரை எடுத்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிய அண்ணி, "யாராவது பார்த்தா, ஆட்டத்துக்கு விளம்பரம்னு சொல்லிடு" என்றாள்.

ஜனங்கள் வந்து ஆடினார்கள், சிரித்தார்கள், மாட்டிக்கொண்டார்கள், போனார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் சாலைத் துறைப் பொறியாளர் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். அவரோடு நூலகக்காரரும், அவளும், அண்ணியும் ஆடினார்கள். பொறியாளருக்கு ஏழு மணிப் பதிவேட்டுச் சீட்டு விழுந்தது. முதல் சுற்றிலேயே கார் வாங்கினார். பாதி ஆட்டத்தில் தன் காய்க்கு முன்னால் இருந்த கறுப்பு அட்டைகளை விரலால் தொட்டு எண்ணினார்.

"இதுல ஜெயிக்கவே முடியாதாம்மா?"

"முடியும் சார். முதல் மூணு சுத்துல எல்லாரும் பஸ்ல ஏறினா எல்லாருமே ஜெயிக்கலாம்."

"ஏறியிருக்காங்களா?"

"முப்பத்திரண்டு தடவை ஆடியாச்சு. இன்னும் யாரும் ஏறல."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தானும் தினம் ஒன்றரை மணி நேரம் ஓட்டித்தான் இங்கே வருகிறேன் என்று, யாரும் கேட்காமலே சொன்னார். எட்டு வரிசையை நிறுத்துவது தன் கையில் இல்லை. பஸ் வேறு துறை. ஆனால் யாருக்கு எழுத வேண்டும் என்று தெரியும், ஆஸ்பத்திரியிலிருந்து கையெழுத்து வாங்கித் தந்தால் தானும் ஒரு கடிதம் வைக்கிறேன் என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் மடிப்பக்கா ஒரு வாரத்தில் சமையலறை, துப்புரவு, வார்டு என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சுற்றி இருநூற்றுப் பதினாறு கையெழுத்துகளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் அதே விளக்குக் கம்பத்தில் புதுத் தாள் ஒட்டினார்கள். ஏழாம் நம்பர், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று மாதம் சோதனை ஓட்டம். சராசரியாக ஒரு நடைக்கு முப்பது பேராவது ஏறினால்தான் தொடரும்.

மடிப்பக்காவுக்குக் கணக்குப் போடத் தெரியும். இந்த ஆறேழு மாதத்தில் பாதிப் பேர் எப்படியோ ஒரு பழைய வண்டியைப் பிடித்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் ஏற மாட்டார்கள். முப்பது சேருவது கஷ்டம் என்றாள். காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் கணவனிடம் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

அவன் கை தட்டிலேயே நின்றது. "வண்டியில என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லீங்க."

"அக்கா சொல்லுச்சா?"

"நான் ஒண்ணும் சொல்லலடா" என்றாள் அண்ணி.

"மூணு மாசத்துல அந்த பஸ்ஸ மறுபடி நிறுத்துவாங்க. மறுபடி அந்த ஓரத்துல நடப்பியா? அந்தக் கைய நான் மறுபடி பாக்கணுமா?" அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆறு வாரம் அந்த வண்டியோட உக்காந்தேன். பஸ்ஸு நிக்கக் கூடாதுன்னு போறியா, ஊருக்காகப் போறியா? சொல்லு. எனக்குப் புரியல."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். ஊரைப் பற்றி அவள் உண்மையில் நினைக்கவில்லை. முப்பது பேரைப் பற்றியும் நினைக்கவில்லை. என்ன நினைத்தாள் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"எனக்குத் தூங்கணுங்க" என்றாள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"பதினோரு வருஷம் ஏழாம் நம்பர்ல போனேன். ஏறி ஜன்னல்ல தலைய வச்சா, ஆஸ்பத்திரி வந்து டிரைவர் ஹாரன் அடிக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. திரும்பி வர்றப்பவும் அப்படித்தான். நடந்தப்ப கால் வலிச்சுது, சரி. கார்ல கால் வலிக்கல. ஆனா நான்தான ஓட்டணும்? ஒரு நிமிஷம் கண்ண மூட முடியல. உங்க மேல சத்தியமா வண்டி நல்ல வண்டி. நீங்க ஓட்டி நான் பக்கத்துல உக்காந்தா அதுலயும் தூங்குவேன்."

அவன் தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிட்டான். அண்ணிதான் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள். எதையோ எழுதப் போனவள் எழுதாமல் பேனாவை மூடினாள்.

"முப்பத்திரண்டு தடவை ஆடியிருக்கோம்" என்றாள். "எத்தன கட்டம், எத்தன நிமிஷம்னு கணக்குப் பாத்தேனே தவிர, ஏறினவங்க அலுப்புத் தீர உக்காருவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. நீ வந்து செருப்பக் கழட்டின உடனே நோட்டத் தூக்கிட்டு நின்னேன்."

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போனாள். மாலையில் ஐந்து மணிக்கு அவள் வீட்டுக்குள் வந்தபோது கணவன் அன்றைக்கு முன்னதாகவே பட்டறையிலிருந்து வந்திருந்தான். காரைத் துணி போட்டு மூடியிருந்தான். 

"எத்தன பேரு ஏறினாங்க?" என்று மட்டும் கேட்டான். தனக்கு அதில் ஒன்றும் அக்கறை இல்லை என்பது மாதிரி, கைவிரல் இடுக்கில் காய்ந்திருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

"எண்ணணும்னுதான் உக்காந்தேன்" என்றாள். "நாலு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் தூங்கிட்டேன்."

அவள் கன்னத்தில் ஜன்னல் கம்பி பதிந்த கோடு இன்னும் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த பையை வாங்கி ஆணியில் மாட்டினான்.

"சரி, நாளைக்கு மடிப்பக்காவ எண்ணச் சொல்லு" என்றான்.